பட்டியலுக்கு வெளியே கசிவது: உணவைத் தொடும் பொருள்களும் ஐரோப்பியச் சோதனை முறையும்

2005 நவம்பரில் இத்தாலிய அதிகாரிகள் குழந்தைகளுக்கான பால் பெட்டிகளை லட்சக்கணக்கான லிட்டர் அளவில் பறிமுதல் செய்தார்கள். பால் கெட்டுப்போயிருக்கவில்லை. அட்டைப் பெட்டியின் வெளிப்புறத்தில் படமும் எழுத்தும் அச்சிடப் பயன்பட்ட மையிலிருந்து ஐசோப்ரோப்பைல் தையோசாந்தோன் என்ற வேதிப்பொருள் பாலுக்குள் வந்திருந்தது. புற ஊதா ஒளி பட்டவுடன் மையை உறையச் செய்வது அதன் வேலை. வெளிப்புறத்து மை உள்ளே போன வழி எளியது. அச்சிட்ட அட்டையைப் பெரிய சுருளாகச் சுற்றி வைக்கும்போது ஒரு சுற்றின் அச்சுப் பக்கம் அடுத்த சுற்றின் உட்பக்கத்தோடு ஒட்டிக் கிடக்கும். மை அங்கே பதியும். அந்த உட்பக்கம் பிறகு பாலைத் தொடும்.

கிடைத்த அளவுகளால் உடனடி ஆபத்து இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விரைவிலேயே அறிவித்தது. ஆனால் நிகழ்ச்சி எழுப்பிய கேள்வி வேறு. அச்சு மையிலிருந்து உணவுக்குள் எவ்வளவு கசியலாம் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் அன்று பொதுவான வரம்பே கிடையாது. அச்சு மைக்கென்று வரம்புகளோடு கூடிய தனி ஒன்றிய விதி இன்றும் இல்லை. உணவைத் தொடும் பொருள்களுக்கான ஐரோப்பியச் சட்டம் உலகின் மிகக் கடுமையான சட்டங்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது. அந்தக் கடுமை எங்கே விழுகிறது என்று பார்த்தால், பட்டியல் போட எளிதான இடத்தில் விழுகிறது. கடந்த இருபது ஆண்டுகளில் வெடித்த சிக்கல்களில் பல, பட்டியல் இல்லாத இடத்திலிருந்து வந்தவை.

அடிப்படைச் சட்டம் 1935/2004 என்ற எண் கொண்ட ஒழுங்குமுறை. அதன் 3-ஆம் பிரிவு சொல்வது நேரடியானது: உணவைத் தொடும் எந்தப் பொருளும் உடல்நலத்துக்குக் கேடு தரும் அளவில் தன் கூறுகளை உணவுக்குள் விடக்கூடாது, உணவின் சேர்க்கையை ஏற்க முடியாதபடி மாற்றக்கூடாது, சுவையையும் மணத்தையும் கெடுக்கக்கூடாது. இணைப்பில் 17 பொருள் வகைகள் உள்ளன. பிளாஸ்டிக், காகிதம், அட்டை, கண்ணாடி, உலோகம், மரம், தக்கை, ரப்பர், சிலிக்கோன், பசை, மெழுகு, அச்சு மை என்று அது நீள்கிறது. இவற்றில் வரம்புகளோடு கூடிய தனி விதி பெற்றவை சிலவே: பிளாஸ்டிக், மறுசுழற்சிப் பிளாஸ்டிக், பீங்கான், செல்லுலோஸ் படலம், உணவோடு வினைபுரியும்படி வடிவமைத்த நவீன உறைகள். மற்றவற்றுக்கு 3-ஆம் பிரிவின் பொது வாசகமே துணை.

பிளாஸ்டிக்குக்கான 10/2011 ஒழுங்குமுறையைப் படிப்பவர் அதன் நுணுக்கத்தை மெச்சாமல் இருக்க முடியாது. பயன்படுத்த அனுமதி பெற்ற மூலப்பொருள்களும் சேர்க்கைகளும் ஏறத்தாழ ஆயிரம் அதில் எண்ணிட்டு வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. பலவற்றுக்குத் தனிக் கசிவு வரம்பு உண்டு: ஒரு கிலோ உணவில் ஃபார்மால்டிஹைடு 15 மில்லிகிராம், மெலமின் 2.5 மில்லிகிராம். இதற்கு மேல், எல்லாப் பொருள்களும் சேர்ந்து ஒரு சதுர டெசிமீட்டர் பரப்பிலிருந்து 10 மில்லிகிராமுக்கு மிகாமல் கசிய வேண்டும் என்ற மொத்த வரம்பும் இருக்கிறது. சோதனையில் உண்மையான உணவுக்குப் பதிலாகப் பெரும்பாலும் பதிலித் திரவங்களே பயன்படுகின்றன. புளிப்புள்ள உணவுக்கு 3 விழுக்காடு அசிட்டிக் அமிலம், கொழுப்புள்ளதற்குத் தாவர எண்ணெய், மதுவகைகளுக்கு 20 விழுக்காடு எத்தனால். மாவு, அரிசி போன்ற உலர் உணவுக்கு மட்டும் நுண்துளைகள் நிறைந்த ஒரு பாலிமர்த் தூள். அறைவெப்பத்தில் ஆறு மாதத்துக்கு மேல் அலமாரியில் இருக்கப்போகும் உறையை 60 டிகிரி செல்சியஸில் பத்து நாள் வைத்துச் சோதிக்கிறார்கள். வெப்பம் காலத்தைச் சுருக்கித் தருகிறது.

இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு கற்பனைக் கனசதுரம் நிற்கிறது. ஒவ்வொரு பக்கமும் ஒரு டெசிமீட்டர். உள்ளே ஒரு கிலோ உணவு. உறையின் பரப்பு ஆறு சதுர டெசிமீட்டர். 60 கிலோ எடையுள்ள ஒருவர் நாள்தோறும் இப்படி உறையிட்ட ஒரு கிலோ உணவை உண்கிறார் என்பது அனுமானம். கணக்கிட வசதியான இந்த மனிதர் கடையில் அதிகம் காணப்படுவதில்லை. தனித்தனியாகச் சுற்றிய பாலாடைக்கட்டித் துண்டிலும், ஒருவருக்கான சிறு தயிர்க் கோப்பையிலும் உணவின் எடையோடு ஒப்பிட்டால் உறையின் பரப்பு மிக அதிகம். ஆனால் 500 மில்லிலிட்டருக்குக் குறைவான கலங்களுக்கும் அதே ஆறு சதுர டெசிமீட்டர் விகிதத்தையே சட்டம் பயன்படுத்தச் சொல்கிறது. கைக்குழந்தைகளுக்கும் சிறு பிள்ளைகளுக்குமான உணவுக்கு மட்டும் விலக்கு. சிறிய பொட்டலத்தில் வாங்கி உண்பவருக்கு உண்மையில் கிடைக்கும் அளவு, சோதனைத் தாளில் எழுதப்படுவதைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

பட்டியல் முறையால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. மூங்கில் கோப்பைகளின் கதை அதன் வலிமைக்குச் சான்று. இயற்கையானது, மக்கக்கூடியது என்ற விளம்பரத்தோடு ஐரோப்பியக் கடைகளில் குவிந்த அந்தக் கோப்பைகள் பலவும் மூங்கில் தூள் கலந்த மெலமின் பிசினால் ஆனவை, அதாவது பிளாஸ்டிக். ஜெர்மனியின் நுகர்வோர் சோதனை அமைப்பான ஷ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் 2019-இல் சோதித்தவற்றில் பெரும்பாலானவை சூடான திரவத்தில் மிகுந்த மெலமினை விட்டன. மூங்கில் தூள் அனுமதிப் பட்டியலில் இல்லை. எனவே கசிவு எவ்வளவு என்று நிறுவ வேண்டிய தேவையே இல்லாமல், பொருள் சட்டவிரோதமானது என்று சொல்லிவிட முடிந்தது. 2021-இல் ஒன்றியமும் உறுப்பு நாடுகளும் கூட்டாக நடவடிக்கை எடுத்து இக்கோப்பைகளைச் சந்தையிலிருந்து விலக்கின. பட்டியல் இருக்கும் இடத்தில் அதிகாரியின் கை ஓங்குகிறது.

அதே பிளாஸ்டிக்குக்குள்ளும் பட்டியல் முழுமையாகப் போய்ச்சேர்வதில்லை. நிறமிகளும் கரைப்பான்களும் ஒன்றியப் பட்டியலின் கீழ் வருவதில்லை. தயாரிப்பின்போது தானாக உருவாகும் துணைப்பொருள்களும் சிதைவுப் பொருள்களும் யாரும் வேண்டுமென்று சேர்த்தவை அல்ல. அவற்றை எண்ணிட்டு எழுத வழியில்லை. 19-ஆம் பிரிவு இவற்றின் இடரை ஏற்கப்பட்ட அறிவியல் நெறிப்படி தயாரிப்பாளரே மதிப்பிட வேண்டும் என்கிறது. மதிப்பிட்டாரா, எந்த அளவுக்கு நுணுகிப் பார்த்தார் என்பதை ஒரு நகராட்சி உணவு ஆய்வாளர் எப்படி அறிவார்? அவர் கையில் கிடைப்பது ஒப்பு உறுதி ஆவணம். ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினாலும், எதைத் தேடுவது என்று தெரிந்தால்தான் கருவி பதில் சொல்லும்.

பிளாஸ்டிக்கை விட்டு வெளியே வந்தால் நிலைமை இன்னும் தளர்ச்சி. 2009 தொடக்கத்தில் ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் காலை உணவுத் தானியங்களில் 4-மெத்தில்பென்சோபினோன் கண்டுபிடிக்கப்பட்டது. மீண்டும் மை, மீண்டும் அட்டைப்பெட்டி. தானியம் உள்ளே ஒரு பையில் இருந்தும் அந்தப் பொருள் ஆவியாகி ஊடுருவியிருந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் சூரிச் மாநில ஆய்வகத்தில் கோனி க்ரோபும் அவருடைய குழுவினரும் மறுசுழற்சி அட்டையிலிருந்து அரிசி, நூடுல்ஸ் போன்ற உலர் உணவுகளுக்குக் கனிம எண்ணெய் போவதை அளந்து காட்டினார்கள். பழைய செய்தித்தாள் அட்டையாகிறது. செய்தித்தாள் மையின் எண்ணெய் அட்டையோடு வருகிறது. கடைத் தட்டில் மாதக்கணக்கில் கிடக்கும் அரிசி அதை உறிஞ்சிக்கொள்கிறது. மறுசுழற்சி என்ற நல்ல நோக்கமே கசிவுக்கு வழியானது. இவ்விரண்டையும் சட்டம் கோரிய வழக்கமான சோதனை முன்கூட்டிக் காட்டித் தரவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. ஒன்றிய விதி இல்லாத இடத்தில் நாடுகளின் விதிகள் நிரப்புகின்றன என்பார்கள். காகிதத்துக்கு ஜெர்மனியின் கூட்டாட்சி இடர் மதிப்பீட்டு நிறுவனம் தரும் பரிந்துரைகள், இத்தாலியின் 1973-ஆம் ஆண்டு ஆணை, நெதர்லாந்தின் சரக்குச் சட்டம் ஆகியவை உண்மையில் பயன்படுபவை. மை விஷயத்தில் தொழில்துறை பெரிதும் நம்பியிருந்தது 2010-இல் நடைமுறைக்கு வந்த சுவிஸ் பட்டியலை. ஒன்றியத்தில் உறுப்பினராகவே இல்லாத ஒரு நாட்டின் ஆவணம் ஒன்றியத்தின் அச்சகங்களுக்கு வழிகாட்டியது. ஜெர்மனி தன் சொந்த மை விதியை 2021 டிசம்பரில்தான் வெளியிட்டது. அதற்கும் நான்கு ஆண்டு அவகாசம் தந்தது. நாட்டுக்கு நாடு வேறுபடும் வரம்புகளால் சிறு தயாரிப்பாளருக்குச் செலவு கூடுகிறது; நுகர்வோருக்குச் சமமான காப்பும் கிடைப்பதில்லை. பொது விதி வேண்டும் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 2016 அக்டோபரில் தீர்மானம் போட்டது. 2022-இல் வெளியான ஐரோப்பிய ஆணையத்தின் சொந்த மதிப்பீடும் பெரும்பாலான பொருள்களுக்குத் தனி விதி இல்லாததைக் குறையாகச் சொன்னது.

தனி விதி இருந்தால் மட்டும் போதுமா என்றால், பீங்கான் பதில் சொல்கிறது. 84/500 ஆணை 4 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தைப் பாத்திரத்தில் 24 மணி நேரம் ஊற்றி வைத்து ஈயத்தையும் காட்மியத்தையும் அளக்கச் சொல்கிறது. நிரப்பக்கூடிய கலங்களுக்கு ஒரு லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஈயம் வரை அனுமதி. ஈயத்துக்குப் பாதுகாப்பான கீழ்வரம்பு என்று ஒன்றைக் காட்ட முடியாது என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் முடிவு சொன்ன பிறகும், 1984-இல் எழுதிய அந்த எண் நீண்ட காலம் அசையவில்லை.

பிஸ்பீனால் ஏ விஷயத்தில் எண் அசைந்தது. அசைந்த வேகம் சோதனை முறையையே கேள்விக்குள்ளாக்கியது. உணவு டப்பாக்களின் உட்பூச்சிலும் பாலிகார்பனேட் குடுவைகளிலும் பயன்பட்ட இதன் தாங்கத்தக்க அன்றாட அளவு 2015-இல் ஒரு கிலோ உடல் எடைக்கு 4 மைக்ரோகிராமாக இருந்தது. 2023 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதை 0.2 நானோகிராமாக்கியது, இருபதாயிரத்தில் ஒரு பங்கு. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் உடன்படவில்லை; 200 நானோகிராம் போதும் என்றது. ஒரே ஆய்வுத் தொகுப்பைப் படித்த இரு நிபுணர் குழுக்களுக்கிடையே ஆயிரம் மடங்கு இடைவெளி. ஆணையத்தின் அளவை ஏற்றால் 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 12 நானோகிராம்தான் இடம். 2024 டிசம்பரின் 3190 எண் ஒழுங்குமுறை பிஸ்பீனால் ஏ-யைத் தடைசெய்தபோது, சோதிக்கக் கோரிய கண்டறிதல் எல்லை ஒரு கிலோவுக்கு 1 மைக்ரோகிராம், அதாவது 1000 நானோகிராம். பாதுகாப்பு எல்லையும் கருவியின் எல்லையும் இவ்வளவு விலகிய பிறகு கசிவு வரம்பு வைப்பதில் பொருளில்லை; தடையே வழி. அதே ஒழுங்குமுறை ஆபத்தானவை என வகைப்படுத்தப்பட்ட மற்ற பிஸ்பீனால்களையும் சேர்த்துக்கொண்டது. ஒன்றைத் தடுத்தால் அதன் உடன்பிறப்பைக் கொண்டுவரும் தொழில் வழக்கத்துக்கு அது ஒரு தடை.

இன்னொரு மாற்றம், உணவுச் சட்டத்தின் வழியாக வராமல், உறைகளும் உறைக் கழிவுகளும் பற்றிய 2025/40 ஒழுங்குமுறையின் வழியாக வந்தது. எண்ணெய் ஊறாத காகிதப் பெட்டிகளில் பயன்படும் ஃப்ளூரின் சேர்மங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தேடுவது நடவாத காரியம். 2026 ஆகஸ்ட் 12 முதல் உணவைத் தொடும் உறைகளில் தனிச்சேர்மத்துக்கும் கூட்டுத்தொகைக்கும் வரம்புகள் உண்டு. அவற்றோடு, உறையில் மொத்த ஃப்ளூரின் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால், அந்த ஃப்ளூரின் எங்கிருந்து வந்தது என்பதற்கான சான்றைக் கேட்டவுடன் தயாரிப்பாளர் காட்ட வேண்டும். ஆய்வாளர் பெயர் தெரியாத பொருளை அளக்கலாம். பெயர் சொல்லும் பொறுப்பு தயாரித்தவருடையது.