லேசரில் கொழுப்பைக் கரைக்கலாமா, டீச்சர்?



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பெயர் மட்டும் வேண்டாம், மற்றதை எழுதுங்கள் என்றாள். கைபேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டி, "லேசர்ல கொழுப்பக் கரைக்கிறாங்களாம். கத்தி இல்ல, தையல் இல்ல. பண்ணிக்கலாமா டீச்சர்?" என்றாள். நான் டாக்டர் இல்லை, சமூக அறிவியல் நடத்தியவள். எனக்குத் தெரிந்த வழியில், பழைய கதையைத் தேடிப் படித்தேன்.

அது பாரிஸில் தொடங்குகிறது. நம் புதுவை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த 1920களில், துஜாரியே என்ற அறுவை மருத்துவர், கால் மெலிந்து தெரிய வேண்டும் என்று கேட்ட ஓர் இளம்பெண்ணுக்கு அறுவை செய்தார். கால் அழுகிப்போய், அதையே வெட்டி எடுக்கவேண்டியதாயிற்று. வழக்கு நடந்தது. 1929-இல் நீதிமன்றம் 2 லட்சம் பிராங்க் இழப்பீடு விதித்தது. நோயில்லாத உறுப்பில், அழகுக்காக மட்டும், பெரிய ஆபத்துள்ள அறுவையைச் செய்ததே தவறு என்பது தீர்ப்பின் சாரம். அந்தக் காலில் நோய் எதுவுமே இல்லை! இந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பல ஆண்டுகள் யாரும் பெரிதாகத் துணியவில்லை. 1970களில் ரோம் நகரில் ஃபிஷர் என்ற தந்தையும் மகனும் கொழுப்பை உறிஞ்சும் கருவி செய்தார்கள். 1977-இல் மறுபடி பாரிஸ். முதுகில் கொழுப்புக் கட்டி. தழும்பு விழக்கூடாது என்றாள் ஒரு பெண். இலூஸ் என்ற மருத்துவர் சிறு துளை போட்டு, முனை மழுங்கிய குழாயால் உறிஞ்சி எடுத்தார். லைபோசக்‌ஷன் பரவியது அதற்குப் பிறகுதான். 1980களில் அமெரிக்கத் தோல் மருத்துவர் கிளைன், நீர்த்த மரப்பு மருந்தைக் கொழுப்புக்குள் நிறையச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். ரத்தப்போக்கு வெகுவாகக் குறைந்தது.

லேசர் கடைசியாக வந்த பிள்ளை. 1990களில் சோதித்தார்கள், 2006-இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. தோலில் துளையிட்டு மெல்லிய ஒளியிழையை உள்ளே விடுகிறார்கள். 1064 நானோமீட்டர் ஒளியின் சூட்டில் கொழுப்புச் செல்கள் உடைகின்றன. உருகியதை உறிஞ்சி எடுப்பார்கள். கொஞ்சமாக இருந்தால் உடம்பே கரைத்துக்கொள்ள விட்டுவிடுவார்கள். தாடை, கை போன்ற சிறிய இடங்களுக்கே இது பொருந்தும். எடை குறையாது. சூடு மிஞ்சினால் உள்ளிருந்தே தோல் வெந்துபோகும். ஆக, 'கத்தி இல்லை' என்பது பாதி உண்மை.

2024 ஏப்ரலில் எடைக் குறைப்பு அறுவைக்காகச் சென்னைப் பக்கம் போன நம் புதுவை இளைஞர் இறந்ததை அவள் அம்மா சொல்லிச் சொல்லி அழுகிறாராம். அது வேறு சிகிச்சை என்று அவரிடம் விளக்கினேன். கேட்டுக்கொண்டார், நம்பவில்லை.

இனி என் கதை. "இப்ப எதுக்கும்மா இது?" என்று அவளைக் கேட்டேன். "ஆண்டு விழா டான்ஸ் ஞாபகம் இருக்கா டீச்சர்?" என்றாள். இருந்தது. "நீ முன்னாடி நின்னா பின்னாடி நாலு பேர் தெரிய மாட்டாங்க" என்று சொல்லி, அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்பியவள் நான்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது அவளுக்குப் பத்து வயது.

அவளிடம் அன்றே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். சிகிச்சை பற்றி அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். அன்று அவளோடு கடைசி வரிசையில் இன்னும் மூன்று பேரை நிறுத்தினேன். அந்த மூவரில் யாராவது இதைப் படித்தால், ஒரு போன் பண்ணுங்கம்மா.