மீக்கர், ரே

மீக்கர், ரே (பி. 1944): சிற்பி, மட்கலக் கலை ஆசிரியர். நியூயார்க்கில் பிறந்து, தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலையும் மட்கலக் கலையும் பயின்ற இவர், ஜப்பானில் தொழில் கற்றுவந்த டெபோரா ஸ்மித்துடன் சேர்ந்து, 1971இல் புதுச்சேரியில் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி' என்னும் பட்டறையை ஸ்தாபித்தார். கொச்சி மட்டாஞ்சேரியின் யூத ஜெபாலயத் தரையில் பதித்திருக்கும் 18ஆம் நூற்றாண்டுச் சீன ஓடுகளைப் போல, உயர்ந்த உஷ்ணத்தில் வெந்து கல்லாய் இறுகும் கலங்கள் நம் கடற்கரைக்கு நெடுங்காலம் கப்பலேறி வந்தவையே. சவுக்கு விறகுச் சூளையில் அவ்வித்தையை உள்ளூர்த் தொழிலாளரின் கைக்குப் பழக்கியது இப்பட்டறையின் முதற்சாதனை.

1980களின் நடுவில், ஈரானியக் கட்டடக் கலைஞர் நாதர் கலீலியின் பரிசோதனைகளால் உத்வேகம் பெற்று, பச்சை மண்கல்லால் வளைகூரை வீட்டைக் கட்டி முடித்து, அதனுள் செங்கல்லும் ஓடும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கி நாட்கணக்கில் எரித்துச் சுடும் முறையை மீக்கர் கையாண்டார். உள்ளே வெந்த சரக்கின் கிரயம் எரிபொருட் செலவை ஈடுசெய்யும் என்பது கணக்கு. ஆயினும் எரிபொருள் பெரிதும் வேண்டிய அம்முறை பரவலாக வேரூன்றவில்லை. அதில் தேர்ந்த துணிவே பின்னாளில் ஆளுயரத்தையும் மிஞ்சும் அவரது சுடுமண் சிற்பங்களாய் வடிவெடுத்தது.

ஆசிரியராக அவர் ஆற்றிய பணியையே யாம் தலையாயதாகக் கொள்வோம். 1980கள் தொட்டு அவரிடம் பயின்ற சிஷ்யர்களுள் வினீத் காக்கர், ஆதில் ரைட்டர், ராக்கி கானே முதலியோர் இன்று பிரசித்தி பெற்ற கலைஞர்கள்.