பிரசங்க மேடையும் தொலைக்காட்சியும்

மேனாட்டார் யாவரும் மதகுருமாரின் பிடியினின்று விடுபட்டு நெடுங்காலமாயிற்று என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழை என்பதற்கு அயர்லாந்தின் சரித்திரமே சான்றாகும். பிரிட்டிஷ் ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடி விடுதலை பெற்ற அந்நாடு, 1935இல் கர்ப்பத்தடைச் சாதனங்களின் விற்பனையை விலக்கிற்று. 1937இல் இயற்றிய அரசியற் சட்டத்தால் மணவிலக்கையும் தடுத்தது.

அத்தகைய நாட்டிலே 1961 டிசம்பர் 31ஆம் நாள் இரவு தேசியத் தொலைக்காட்சி தொடங்கிற்று. அன்று பேசிய குடியரசுத் தலைவர் டி வலேரா, அதனை அணுசக்தியோடு ஒப்பிட்டு, அளவிலா நன்மையும் மாற்றவொண்ணாத் தீமையும் அதனால் விளையக்கூடும் என்று அஞ்சினார். மதகுருமார் எதனை அஞ்சினர் என்பதோ 1966ஆம் ஆண்டிலே வெளியாயிற்று.

அவ்வாண்டு பெப்ரவரி 12ஆம் நாள், கே பர்ன் என்பார் நடத்திவந்த 'லேட் லேட் ஷோ' என்னும் நிகழ்ச்சியில் தம்பதிகளுக்கு ஒரு விளையாட்டு வைக்கப்பட்டது. தேனிலவன்று அணிந்திருந்த இரவு உடையின் நிறம் யாது என்பது ஒரு மாதிடம் கேட்கப்பட்ட வினா. ஒன்றுமே அணியவில்லை போலும் என்றார் அவர். சபையோர் நகைத்தனர். மறுநாளே குளோன்ஃபர்ட் மேற்றிராணியார் டாமஸ் ரயன், தேவாலயப் பிரசங்கத்தில் அந்நிகழ்ச்சியைக் கடுமையாகக் கண்டித்தார். நிலையத்தார் வருத்தம் தெரிவித்தனர். மணமான பெண்ணொருத்தி தன் கணவனோடிருந்த இரவைப் பற்றி நகைத்துப் பேசியது குற்றமாம்! நாணவேண்டியவர் யார் என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

ஆறு வாரம் கழிந்தது. அதே நிகழ்ச்சியில் பிரையன் டிரெவாஸ்கிஸ் என்னும் மாணவர், கால்வே நகரில் புதிதாய் எழுந்த பேராலயத்தை இகழ்ந்து, அந்நகர் மேற்றிராணியாரை மூடர் என்றே கூறிவிட்டார். அச்சொல் பண்பற்றதே, எனினும் மேற்றிராணியாரும் விமரிசனத்துக்கு உட்பட்டவரே என்பதை நாடு முழுவதும் கண்டது.

அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. அக்டோபர் 12ஆம் நாள் பிரதமர் ஷான் லெமாஸ், தொலைக்காட்சி பொதுக்கொள்கையின் கருவியாக நிறுவப்பட்டதென்றும், அரசாங்கத்துக்குப் பொறுப்புடையதென்றும் பாராளுமன்றத்தில் அறிவித்தார். மதபீடமும் அரசபீடமும் ஒரே ஆண்டில் ஒரு பெட்டியைக் கட்டுப்படுத்த முனைந்தன.

ஆயினும் நிகழ்ச்சி நின்றதில்லை. பர்ன் 1999 வரை அதனை நடத்தினார். 1979இல் கர்ப்பத்தடைச் சாதனங்களுக்குச் சட்டம் வரம்புடன் வழிவிட்டது. 1995இல் மணவிலக்குத் தடையை மக்கள் வாக்களித்து நீக்கினர். இவற்றைப் பெட்டி தந்துவிடவில்லை. பல்லாண்டு வாதாடிய ஆடவரும் பெண்டிருமே ஈட்டினர். ஆனால் பிரசங்க மேடையிலே ஒருவர் பேசப் பிறர் கேட்பது மட்டுமே உண்டு, மறுமொழிக்கு இடமில்லை. மறுமொழி கூறும் குரலை வீடுதோறும் கொண்டு சேர்த்ததே அப்பெட்டி செய்த தொண்டு. கேள்வியைக் கண்டு அஞ்சும் பீடம் எதுவாயினும், அது நெடுநாள் நிலைப்பதில்லை என்பதை நாம் மறத்தலாகாது.