மடியில் வைக்க முடியாத மடிக்கணினி

"லேப்டாப்னு பேரு, ஆனா மடியில வைக்க முடியாதா?" என் கேமிங் லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. எடை மூன்று கிலோ. கேம் ஓடினால் தொடை சுடும். சார்ஜரே செங்கல் மாதிரி. இதே காசுக்கு டெஸ்க்டாப் இன்னும் வேகமாக ஓடியிருக்கும்.

இந்த விசித்திரம் புதிதல்ல. 1981இல் அமெரிக்காவில் வந்த ஆஸ்போர்ன் 1, தூக்கிப் போகும் கணினி என்றே விற்கப்பட்டது. எடை சுமார் 11 கிலோ, திரை 5 அங்குலம், விலை 1,795 டாலர். உள்ளே பேட்டரி கிடையாது. போகிற இடத்தில் பிளக் பாயிண்ட் தேட வேண்டும். ஆனாலும் ஆயிரக்கணக்கில் விற்பனையானது. 1983இல் விற்பனைக்கு வந்த காம்பேக் போர்ட்டபிள் 12 கிலோவையும் தாண்டியது. இவற்றை யாரும் மடியில் வைக்கவில்லை. ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குத் தூக்கிப் போனார்கள். அவ்வளவுதான் தேவை.

சரி, மெல்லிய லேப்டாப் வாங்கலாமே? அங்கே சூடு வழிமறிக்கும். வெப்பம் வெளியேற இடமில்லையென்றால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெரிய உடம்பில் பெரிய ஃபேனுக்கு இடமிருக்கிறது. 2017இல் ஏசர் விற்ற பிரிடேட்டர் 21 எக்ஸ், 21 அங்குலத் திரையோடு எட்டுக் கிலோவைத் தாண்டியது இப்படித்தான்.

டெஸ்க்டாப் வாங்க, நகராத ஒரு மேசை வேண்டும். எனக்கு ஆறு வருடத்தில் நாலு வாடகை வீடு. ஒவ்வொரு முறையும் சாமான் எல்லாம் வண்டியில் போகும். இது மட்டும் என் முதுகில் வரும்.