வழியை ஆண்ட பேரரசுகள்

ஐரோப்பியர் கால்வைக்கு முன் ஆப்பிரிக்காவிற்கு வரலாறே இல்லையென எண்ணுவோர் இன்றும் உளர். அவ்வெண்ணம் பிழையென்பதைக் கானா, மாலி, சொங்காய் என்னும் மூன்று பேரரசுகளின் கதை காட்டும்.

சகாராப் பாலைவனத்திற்குத் தெற்கே, மேலை ஆப்பிரிக்கப் புல்வெளியில் இவை ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. தென்புறம் பொன் மிகுதி, உப்போ அரிது. வடபுறம் பாலையின் நடுவே தகாசா என்னுமிடத்தில் உப்பைப் பாளம் பாளமாக வெட்டியெடுத்தனர். அதனை ஒட்டகங்கள் சுமந்து வந்தன. கானாவினுள் வரும் ஒரு கழுதைச்சுமை உப்பிற்கு 1 பொற்காசும், வெளிச்செல்லும் சுமைக்கு 2 பொற்காசும் மன்னன் சுங்கம் பெற்றான் என 1068இல் அல்பக்ரி எழுதினார். சரக்கு ரசீது எழுதுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்செய்தி பெருவியப்பளித்தது. பொன் விளைந்த நிலத்தை நேரே ஆளாமல், அது செல்லும் வழியை ஆண்டே ஓர் அரசு செழித்ததன்றோ!

கானா தளர்ந்தபின், 1235 அளவில் சுந்தியாட்டா மாலிப் பேரரசை நிறுவினான். அக்குடியில் வந்த மன்சா மூசா 1324இல் ஹஜ் பயணத்தின்போது கெய்ரோவில் பொன்னை வாரி வழங்கினான். அங்கே பொன்விலை வீழ்ந்தது. 12 ஆண்டுகள் கழிந்தும் மீளவில்லை என்பது அல்உமரியின் கூற்று. அடுத்து ஓங்கிய சொங்காயின் மன்னன் சுன்னி அலி, 1468இல் திம்புக்டு நகரைக் கைப்பற்றினான்.

வீழ்ச்சி எங்ஙனம் நேர்ந்தது? 1471இல் போர்த்துகீசியர் கடல்வழியே பொன்னாட்டின் கரையை அடைந்தனர். 1482இல் எல்மினாவில் கோட்டையும் எழுப்பினர். பொன்னின் ஒரு பகுதி கடற்கரை நோக்கித் திரும்பிற்று. சொங்காயிலோ அரியணைக்காக உட்பூசல் மூண்டது. 1591இல் தொண்டிபிப் போர்க்களத்தில் மொராக்கோப் படையின் துப்பாக்கிகள்முன் அப்பேரரசு சரிந்தது.

திம்புக்டுவின் பேரறிஞர் அகமது பாபாவைச் சிறைப்பிடித்து மொராக்கோவிற்குக் கொண்டுசென்றனர். தாம் இழந்த நூல்கள் 1,600 என்றும், தம் சுற்றத்தாருள் தம்முடையதே சிறிய நூலகம் என்றும் அவர் உரைத்தார்.

எனினும் அந்நகரத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஏடுகளைக் காத்துவந்தன. 2012இல் ஆயுதக் குழுக்கள் நகரைப் பிடித்தபோதும், பல்லாயிரம் சுவடிகள் மறைவாகப் பமாக்கோ நகருக்குச் சென்று சேர்ந்தன.

அன்பர்களே, வழி மாறினால் வணிகம் மாறும், பொன்னும் கைமாறும். இல்லந்தோறும் போற்றிய கல்வியே அம்மக்களுக்கு எஞ்சிய செல்வமாயிற்று.