நோட்டு ஓரத்துக் கிறுக்கல்

வகுப்பில் நோட்டு ஓரத்தில் படம் கிறுக்காத இன்ஜினியரிங் மாணவன் உண்டா? என் நோட்டுகளை அம்மா பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். அமெரிக்காவில் இயற்பியல் படித்த ரேண்டல் மன்றோ தன்னுடையதை ஸ்கேன் செய்து 2005இல் இணையத்தில் ஏற்றினார். எக்ஸ்கேசிடி காமிக்ஸ் பிறந்தது இப்படித்தான். வெறும் குச்சி மனிதர்கள். முகம்கூடக் கிடையாது.

நாசாவின் லாங்லி மையத்தில் ரோபோ வேலை. 2006இல் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. நானாக இருந்தால் மறுநாளே ரெஸ்யூமைத் தூசி தட்டியிருப்பேன். அவர் காமிக்ஸையே பிழைப்பாக்கிக்கொண்டார். படிக்கக் காசு இல்லை. சோறு போட்டது டீ-ஷர்ட்.

2009இல் அவர் போட்ட சினிமா வரைபடம்மேல் எனக்குத் தனிப் பைத்தியம். ஒரு பாத்திரத்துக்கு ஒரு கோடு. சேர்ந்திருப்பவர்களின் கோடுகளும் சேர்ந்தே ஓடும். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' ஆறு மாதிரி பிரிந்து பிரிந்து கூடுகிறது. '12 ஆங்ரி மென்' வெறும் நேர்கோடுகள். அறையைவிட்டு யாரும் போவதில்லையே! காலப்பயணக் கதையான 'ப்ரைமர்' ஒரே நூல்சிக்கல். வேலைவெட்டி இல்லாதவன் பண்ற காரியம்னு வீட்டில் சொல்வார்கள். ஆனால் இப்படிக் கோடுகளைத் தானாக வரைய அல்காரிதம் தேடி, பின்னாளில் ஆய்வுக் கட்டுரைகளே வந்தன.

அதை பிரிண்ட் எடுத்து ஆபீஸ் மேசையில் ஒட்டியிருந்தேன். "எந்த புராஜெக்ட் டயக்ராம் இது?" என்று ஒருத்தர் சீரியஸாகவே கேட்டார்.