கரிக்கடையிலிருந்து பிஸ்த்ரோ வரை

கரும்பலகையில் வெண்கட்டியால் அன்றைய சாப்பாட்டை எழுதி வாசலில் வைத்திருக்கும் சிறிய குடும்பக் கடைதான் பிஸ்த்ரோ. கணவன் குசினியில், மனைவி கல்லாவில். பத்துப் பன்னிரண்டு மேசைகள், நெடுநேரம் வெந்த மாட்டிறைச்சி, ஒரு கிளாஸ் வைன். பிரான்சின் ஆன்மாவே இங்குதான் இருக்கிறதென்று பிரெஞ்சுக்காரர் பெருமை பேசுவர். அந்தப் பெருமைக்கு அடியில் கிடப்பது வந்தேறுகுடிகளின் வரலாறு. அதே குசினிகளில் கோப்பை கழுவும் நாம் அதைத் தெரிந்திருப்பது அவசியம்.

சொல்லுக்கே ஒரு கட்டுக்கதை உண்டு. 1814இல் பாரிஸைப் பிடித்த ரஷ்யச் சிப்பாய்கள், 'கெதியாய்' என்ற பொருளில் 'பீஸ்த்ரோ' என்று கத்திக் குடிவகை கேட்டார்களாம். மொன்மார்த்தில் இதற்கு நினைவுப்பலகைகூட மாட்டியிருக்கிறார்கள். ஆனால் இச்சொல் பிரெஞ்சு எழுத்தில் தோன்றுவது 1880களில்தான். எழுபது வருடங்களாக அது எங்கே ஒளிந்திருந்தது?

உண்மைக் கதை மலைநாட்டுக்காரருடையது. நடுப் பிரான்சின் ஓவெர்ஞ், அவெய்ரோன் பகுதிகளின் வறிய விவசாயிகள் 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் வந்து, வாளிகளில் தண்ணீர் சுமந்து மாடி மாடியாக விற்றனர். வீடுகளுக்குக் குழாய்நீர் பரவியதும் விறகும் கரியும் விற்றனர். கரிக்கடை மூலையில் ஒரு வைன் பீப்பாவும் வந்தது. கணவன் கரிமூட்டையோடு படியேற, மனைவி வைன் ஊற்றினாள். வீட்டில் ஒக்சிதான் மொழி பேசிய, முகத்தில் கரி படிந்த இவர்களைப் பாரிஸ்வாசிகள் 'பூன்யா' என்று நக்கலடித்தனர். பாரிஸின் சிறு கபேக்களும் பிஸ்த்ரோக்களும் பல இக்கரிக்கடைகளிலிருந்து பிறந்தவையே.

அவர்கள் வளர்ந்த விதம் எமக்கு அந்நியமானதல்ல. ஊரிலிருந்து உறவுக்காரப் பொடியனைக் கூப்பிடுவார்கள். அவன் கழுவித் துடைத்து, பரிமாறப் பழகி, பிறகு ஊரவர் உதவியோடு தனிக்கடை திறப்பான். அவர்களுக்கும் ஊர்ச்சங்கங்கள் இருந்தன. 1882இல் லூயி போனே அவர்களுக்கென ஒரு பத்திரிகை தொடங்கினார். 1904 முதல் ஊருக்குப் போகத் தனிப் புகையிரதங்களும் ஓடின. எம்மிடமும் சங்கமும் சீட்டும் பத்திரிகையும் உண்டு. ஊருக்குப் போகும் புகையிரதம்தான் இல்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அவர்களிடம் யாரும் விசா கேட்கவில்லை. 1991இல் பிரெஞ்சு அரசு, தஞ்சம் கோருவோருக்கு அதுவரை இருந்த வேலை உரிமையை நிறுத்தியது. எமக்கு முன் வந்தவர்களில் பலர் கறுப்பில் வேலை செய்யக் குசினிகளுக்குள் இறங்கினார்கள். 2008 ஏப்ரலில் பாரிஸ் பிராந்தியத்தில் விசா இல்லாத தொழிலாளர் நூற்றுக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தபோதுதான், உணவகங்களை யார் நடத்துகிறார்கள் என்பது நகரத்தின் கண்ணில் பட்டது. அவர்களில் பலர் மாலி முதலான ஆபிரிக்க நாட்டவர். எமது போராட்டமும் அதுவேதான்.

'குடும்பக் கடை' என்ற அழகான பெயர் இருவரை மறைக்கிறது: கூலியில்லாமல் உழைத்த மனைவியை, கணக்கில் இல்லாமல் கழுவியவனை. பூன்யாக்களின் பேரப்பிள்ளைகள் முதலாளிகளானதும் பாரிஸ் அவர்களை வரலாற்றில் எழுதிக்கொண்டது. கழுவியவனை எழுதவில்லை. நாளை எம்மவர் கடைகளின் வெற்றிக்கதை எழுதப்படும்போதும் இதுவே நடக்கலாம். ஆகவே இப்போதே குறித்து வைப்போம்: எந்தத் தெரு, எத்தனை மணித்தியாலம், என்ன சம்பளம், சம்பளத்தாள் தந்தார்களா இல்லையா.